லைட்ஸ்பீட் கேச் செருகுநிரல்: பாதுகாப்பு வரலாற்றையும் சேர்த்து ஒரு மதிப்பீடு

லைட்ஸ்பீட் சர்வரில் இயங்கும் ஹோஸ்டிங்கில் வேர்ட்பிரஸ் தளம் வைத்திருப்பவர்களுக்கு, தளத்தின் வேகத்தைக் கூட்டுவதற்காக முதலில் பரிந்துரைக்கப்படும் செருகுநிரல், அதாவது வேர்ட்பிரஸோடு சேர்த்துக்கொள்ளும் கூடுதல் மென்பொருள், லைட்ஸ்பீட் கேச். கட்டணம் கிடையாது, நிறுவச் சில நிமிடங்கள் போதும், பலனும் உடனே தெரிந்துவிடும். 2023 இறுதியில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களிலும், அடுத்த ஆண்டு செப்டம்பருக்குள் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களிலும் அது இயங்கிக்கொண்டிருந்தது. நான் பராமரித்துவரும் சிறு தளங்கள் சிலவற்றிலும் அதுவே இருக்கிறது. அதைப் பற்றி எழுதப்படும் மதிப்புரைகளில் பெரும்பாலானவை வேகத்தை அளந்து காட்டுவதோடு நின்றுவிடுகின்றன. ஆனால் தளத்தின் நிர்வாகப் பகுதிக்குள் முழு உரிமையோடு குடியிருக்கப்போகும் மென்பொருளை வேகத்தை மட்டும் கொண்டு எடைபோடுவது, வீட்டு வேலைக்கு ஆள் அமர்த்தும்போது அவருடைய சுறுசுறுப்பை மட்டும் விசாரித்துவிட்டுச் சாவிக்கொத்தைக் கொடுப்பதைப் போன்றது. ஆகவே இந்த மதிப்புரையில், 2023 அக்டோபரில் திருத்தப்பட்டு 2024 பிப்ரவரி இறுதியில் வெளியுலகுக்கு அறிவிக்கப்பட்ட ஒரு பாதுகாப்பு ஓட்டையை மையமாக வைத்து இந்தச் செருகுநிரலைப் பார்க்க விரும்புகிறேன்.

வேகத்தைப் பற்றிய பேச்சைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம், ஏனெனில் அதில் எனக்குக் குறையொன்றும் இல்லை. வேர்ட்பிரஸ் ஒவ்வொரு முறையும் பிஎச்பி நிரலை ஓட்டி, தரவுத்தளத்தில் தேடி, பக்கத்தைப் புதிதாகக் கட்டித் தருகிறது. இந்தச் செருகுநிரல் அப்படிக் கட்டப்பட்ட பக்கத்தைச் சர்வரிடமே ஒப்படைத்துவிடுவதால், அடுத்து வரும் வாசகருக்கு பிஎச்பியைத் தொடாமலேயே சர்வர் சேமித்துவைத்த அந்தப் படியை, அதாவது நகலை, எடுத்துக் கொடுத்துவிடுகிறது. ஒரு கட்டுரையைத் திருத்தினால் அந்தக் கட்டுரை, அது இடம்பெறும் முகப்பு, அதன் வகைப் பக்கம் ஆகியவற்றின் படிகள் மட்டும் நீக்கப்பட்டு, மற்றவை அப்படியே இருக்கும் என்பது இதன் தனிச்சிறப்பு. அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் போன்ற வேறு சர்வர் மென்பொருளில் தளம் இயங்குமானால் முழுப்பக்கச் சேமிப்பு நேரடியாக வேலை செய்யாது. லைட்ஸ்பீட் நிறுவனத்தின் குயிக் கிளவுட் என்ற மேகச் சேவையோடு இணைத்தால்தான் அது கிடைக்கும். அந்த இணைப்பு வேண்டாம் என்பவர்கள் வேறு செருகுநிரலைத் தேடிக்கொள்வதே நல்லது.

அந்தக் குயிக் கிளவுட் இணைப்பிலிருந்துதான் நான் சொல்ல வந்த விஷயம் தொடங்குகிறது.

படங்களின் எடையைக் குறைப்பது, ஒவ்வொரு பக்கத்துக்கும் தேவையான வடிவமைப்பு விதிகளை மட்டும் பிரித்தெடுப்பது, உலகின் பல இடங்களில் பக்கத்தின் படிகளை வைத்து வழங்கும் சிடிஎன் சேவை ஆகியவற்றை இந்தச் செருகுநிரல் தானே செய்யாமல் மேகச் சர்வர்களிடம் விட்டுவிடுகிறது. வேலை முடிந்ததும் அந்தச் சர்வர்கள் நம் தளத்துக்குத் தகவல் அனுப்ப வேண்டியிருக்கிறது. அதைப் பெற்றுக்கொள்வதற்காகச் செருகுநிரல் நம் தளத்தில் சில வாசல்களைத் திறந்துவைக்கிறது. அவற்றுள் ஒன்று, சிடிஎன் அமைப்பு வெற்றியா தோல்வியா என்ற செய்தியைப் பெறுவதற்கான வாசல். தோல்வி என்று செய்தி வந்தால், அதனுடன் வரும் விளக்கத்தைச் செருகுநிரல் தரவுத்தளத்தில் சேமித்து, நிர்வாகி அடுத்த முறை உள்ளே வரும்போது பக்கத்தின் மேற்பகுதியில் ஓர் அறிவிப்பாகக் காட்டும். பயனுள்ள வசதிதான்.

ஆனால் அந்த வாசலில் வந்து நிற்பவர் மேகச் சர்வர்தானா என்று செருகுநிரல் சோதிக்கவில்லை. அவர் கொடுத்த விளக்கத்தில் இருப்பவை வெறும் சொற்களா, இயங்கக்கூடிய நிரலா என்பதையும் சோதிக்கவில்லை. உள்ளே வாங்கிய அந்த விளக்கத்தை நிர்வாகியின் திரையில் எழுதும்போது, அதிலுள்ள குறிகளைச் செயலிழக்கச் செய்யவுமில்லை. எனவே, தளத்தில் கணக்கே இல்லாத எவரும் ஒரே ஒரு கோரிக்கையை அனுப்பி, அதில் தோல்விச் செய்திக்குப் பதிலாக ஒரு ஜாவாஸ்கிரிப்ட் துணுக்கை வைத்துவிட முடிந்தது. அந்தத் துணுக்கு தரவுத்தளத்தில் காத்திருந்து, நிர்வாகி உள்ளே வரும் நேரத்தில் அவருடைய உலாவியில் ஓடியது. இதையே சேமிக்கப்பட்ட கிராஸ் சைட் ஸ்கிரிப்டிங் (சுருக்கமாக எக்ஸ்எஸ்எஸ்) என்கிறார்கள். வேர்ட்பிரஸ் பாதுகாப்பை ஆராயும் பேட்ச்ஸ்டாக் நிறுவனத்தின் ஆய்வாளர் ரஃபி முகமது இதைக் கண்டறிந்தார். பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2023-40000 என்ற எண் இதற்கு வழங்கப்பட்டது.

இந்த வகை ஓட்டையில் 'சேமிக்கப்பட்ட' என்ற சொல்லே முக்கியமானது. மற்றொரு வகையில், தாக்குபவர் ஒரு நச்சு இணைப்பைத் தயாரித்து, பாதிக்கப்படப்போகிறவரை அதன்மீது சொடுக்கவைக்க வேண்டும்; கவனமான நிர்வாகி அதைத் தவிர்த்துவிடலாம். சேமிக்கப்பட்ட வகையில் அந்தக் கவனத்துக்கு இடமே இல்லை. நிர்வாகி எந்த இணைப்பையும் சொடுக்கவில்லை, எந்தக் கோப்பையும் திறக்கவில்லை. வழக்கம்போல் காலையில் தன் தளத்துக்குள் நுழைந்து ஒரு பின்னூட்டத்துக்கு அனுமதி கொடுக்கப் போனார், அவ்வளவே. இந்த நிகழ்வில் அபாயத்தை மேலும் பெருக்கியது அறிவிப்பு தோன்றிய இடம்: அது செருகுநிரலின் தனிப்பக்கத்தில் மட்டும் தோன்றவில்லை, நிர்வாகப் பகுதியின் எந்தப் பக்கத்திலும் தோன்றக்கூடியதாக இருந்தது. அந்தப் பகுதிக்குள் வரும் எவருடைய உலாவியிலும் துணுக்கு ஓடும்.

உலாவியில் ஒரு துணுக்கு ஓடினால் தளம் எப்படிப் பறிபோகும் என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். வேர்ட்பிரஸ் தன் உள்நுழைவு குக்கீகளை ஜாவாஸ்கிரிப்ட் படிக்க முடியாதபடிதான் வைக்கிறது; எனவே குக்கீயைத் திருடிச் செல்வது எளிதல்ல என்பது உண்மை. ஆனால் திருட வேண்டிய தேவையே தாக்குபவருக்கு இல்லை. நிர்வாகியின் உலாவிக்குள், அவருடைய தளத்தின் பெயரிலேயே அந்தத் துணுக்கு ஓடுவதால், அது அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையும் நிர்வாகியே அனுப்பியதாகத்தான் சர்வருக்குத் தெரியும். புதிய பயனரைச் சேர்க்கும் பக்கத்தை அது பின்னணியில் திறக்கும். அந்தப் படிவத்தில் பாதுகாப்புக்காக வைக்கப்பட்டுள்ள ஒருமுறைச் சாவியைப் படித்துக்கொள்ளும். தனக்கென ஒரு நிர்வாகிக் கணக்கை உருவாக்கிவிட்டு ஓய்ந்துவிடும். இதற்கு ஒரு நொடிகூட ஆகாது. திரையில் எந்த மாற்றமும் தெரியாது. அதன்பின் தாக்குபவர் தம் பெயரில், தம் கடவுச்சொல்லோடு, முன்வாசல் வழியாகவே உள்ளே வருவார்.

இந்த ஓட்டையின் நிரலைப் படித்தபோது என்னை மிகவும் உறுத்தியது வடிகட்டாமல் விட்ட அந்த ஒற்றை வரி அல்ல. அப்படிப்பட்ட பிழைகள் எவ்வளவு தேர்ந்தவர் எழுதும் நிரலிலும் நேரக்கூடியவை; அவற்றைப் பிடிப்பதற்காகத்தான் மறுபார்வை என்ற ஒன்று இருக்கிறது. உறுத்தியது அந்த வாசலின் காவலாளியாக நியமிக்கப்பட்டிருந்த செயல்கூறு, அதாவது ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்யும் நிரல்பகுதி. வேர்ட்பிரஸில் இத்தகைய வாசலைத் திறக்கும்போது, யாருக்கு அனுமதி உண்டு என்று தீர்மானிக்கும் ஒரு செயல்கூறையும் சேர்த்துக் குறிப்பிட வேண்டும். 2020 ஆகஸ்டில் வெளிவந்த 5.5 பதிப்பு முதல், அதைக் குறிப்பிடத் தவறினால் வேர்ட்பிரஸே எச்சரிக்கும். எல்லோருக்கும் திறந்த வாசல்தான் என்றால், 'எப்போதும் ஆம்' என்று பொருள்படும் ஓர் ஆயத்தச் செயல்கூறை எழுதிவிடலாம். நிரலைப் படிப்பவருக்கு இது பொதுவாசல் என்பது அந்தப் பெயரிலேயே தெரிந்துவிடும். லைட்ஸ்பீட் கேச்சில் அந்த இடத்தில் இருந்த செயல்கூறின் பெயர் 'இஸ் ஃப்ரம் கிளவுட்', அதாவது 'மேகத்திலிருந்து வந்ததா'. ஆனால் அது எவரிடமும் எதையும் கேட்காமல், எப்போதும் 'ஆம்' என்ற விடையையே தந்துகொண்டிருந்தது.

ஒரு செயல்கூறின் பெயர் என்பது அதைப் படிக்கும் அடுத்தவருக்குக் கொடுக்கப்படும் வாக்கு. பெயரில் காவல் இருக்கிறது என்று எழுதிவிட்டு உள்ளே காவலை வைக்காமல் விட்டால், வெளிப்படையாகத் திறந்துகிடக்கும் வாசலைவிட அது கெடுதியானது, ஏனெனில் திறந்த வாசலைப் பார்ப்பவர் அதைப் பற்றிக் கேள்வி கேட்பார். இந்த நிரலைப் பார்த்தவர் கேள்வி கேட்க மாட்டார். வாசலைக் கடந்து வருவதை நம்பலாம் என்ற எண்ணத்தில், உள்ளே இருக்கும் மற்ற நிரலையும் அதற்கேற்பவே எழுதிக்கொண்டு போவார். வந்த செய்தியை வடிகட்டாமல் சேமித்ததும் காட்டியதும் அந்த எண்ணத்தின் விளைவாகவே எனக்குப் படுகிறது. தம்முடைய சர்வரே அனுப்பிய செய்தி என்றால் அதை ஏன் ஐயப்பட வேண்டும் என்று அந்த நிரலாளர் நினைத்திருக்கக்கூடும். இது என் ஊகமே. ஆயினும் இந்தச் செருகுநிரலைப் பற்றிய என் கருத்தில் பெரும்பங்கு வகிப்பது இந்த ஊகம்தான்.

திருத்தத்தைப் பொறுத்தவரை நிறுவனம் சரியாகவும் விரைவாகவும் நடந்துகொண்டது என்பதைச் சொல்லியாக வேண்டும். 2023 அக்டோபரில் தகவல் தெரிவிக்கப்பட்டது. அதே மாதத்தில் 5.7.0.1 பதிப்பு வந்துவிட்டது. திரையில் எழுதும் இடத்தில் குறிகளைச் செயலிழக்கச் செய்யும் வேர்ட்பிரஸ் செயல்கூறைச் சேர்த்தார்கள். அதோடு நிறுத்திக்கொள்ளாமல், செய்தியைப் பெறும் செயல்கூறிலேயே ஒரு சரிபார்ப்புச் சாவியையும் கட்டாயமாக்கினார்கள். இரண்டையும் ஒன்றாகச் செய்ததுதான் இதில் பாராட்டத்தக்கது. வெளியிடும் இடத்தில் வடிகட்டுவதை மட்டும் செய்திருந்தால், நாளை அதே செய்தியை வேறொரு பக்கத்தில் காட்டும் புதிய நிரல் எழுதப்படும்போது ஓட்டை மீண்டும் பிறந்திருக்கும். விவரங்களை நான்கு மாதங்கள் கழித்தே வெளியிட்டார்கள். அதற்குள் எல்லோரும் புதுப்பித்திருப்பார்கள் என்ற நம்பிக்கையில் கொடுக்கப்பட்ட அவகாசம் அது.

எல்லோரும் புதுப்பிக்கவில்லை. 2024 ஏப்ரலில், பழைய பதிப்பு இருக்கும் தளங்களைத் தேடும் முயற்சிகள் பெருகியதாக வேர்ட்பிரஸ் பாதுகாப்பைக் கண்காணிக்கும் டபிள்யூபிஸ்கேன் குழு அடுத்த மாதம் எழுதியது. ஒரே ஒரு முகவரியிலிருந்து மட்டும் 12 லட்சத்துக்கும் மேற்பட்ட தேடல் கோரிக்கைகள் வந்திருந்தன. உள்ளே நுழைந்தவர்கள் 'டபிள்யூபிசப்-யூசர்', 'டபிள்யூபி-கான்ஃபிக்யூசர்' போன்ற பெயர்களில் நிர்வாகிக் கணக்குகளை உருவாக்கியிருந்தார்கள். இந்தப் பெயர்களைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு கணக்கு இருக்கிறது: பயனர் பட்டியலை மேலோட்டமாகப் பார்க்கும் ஒருவர், இது வேர்ட்பிரஸ் தானே வைத்துக்கொண்ட உதவிக் கணக்கு போலும் என்று கடந்துபோக வேண்டும் என்பதே அது. வேர்ட்பிரஸ் அப்படி எந்தக் கணக்கையும் தானாக உருவாக்குவதில்லை.

இந்த ஒரு நிகழ்வை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வது முறையாகாது என்பதால், அதே காலத்தின் மற்ற நிகழ்வுகளையும் சேர்த்துப் பார்த்தேன். அதே 2023 அக்டோபரில் வந்த 5.7 பதிப்பு, பதிவுக்குள் எழுதும் குறுங்குறியீட்டின் (ஷார்ட்கோட்) வழியே, எழுத மட்டும் முடிந்து வெளியிட முடியாத கான்ட்ரிபியூட்டர் நிலையில் உள்ள ஒருவர் நிரலைச் சேமித்துவிட முடிந்த வேறொரு ஓட்டையை மூடியது. அதைக் கண்டறிந்தவர்கள் வேர்ட்ஃபென்ஸ் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் குழுவினர். 2024 ஆகஸ்டில் வந்த 6.4 பதிப்பு மூடியது இன்னும் கடுமையானது, ஆனால் வேறு வகையானது: பக்கங்களை முன்கூட்டியே திறந்து சேமித்துவைக்கும் வசதி பயன்படுத்திய இரகசியச் சாவிக்குப் பத்து லட்சம் மதிப்புகள் மட்டுமே இருக்க முடியும் என்ற நிலை இருந்ததால், ஒவ்வொன்றாக முயன்று பார்த்தே நிர்வாகியாக நடித்துவிட முடிந்தது. அடுத்த மாதத்தின் 6.5.1 பதிப்பு மீண்டும் ஒரு சேமிக்கப்பட்ட எக்ஸ்எஸ்எஸ் ஓட்டையை மூடியது. கோரிக்கையின் தலைப்பகுதியில் வரும் ஒரு மதிப்பை, வடிவமைப்பு விதிகளைப் பிரித்தெடுக்கும் வேலையின் வரிசைப்பட்டியலில் அப்படியே சேமித்து, நிர்வாகியின் திரையில் அப்படியே காட்டியதே அதற்குக் காரணம். வடிவமைப்புக் கோப்புகளை ஒன்றிணைக்கும் அமைப்பும், தனிப்பக்க வடிவமைப்பைத் தயாரிக்கும் அமைப்பும் ஆகிய இரண்டும் இயங்கும் தளங்கள் மட்டுமே அதற்கு இலக்காயின.

கடைசியாகச் சொன்ன அந்த நிபந்தனையை வாசகர்கள் கவனிக்க வேண்டுகிறேன். முதல் ஓட்டை சிடிஎன் அமைப்பில், மூன்றாவது முன்சேமிப்பில், நான்காவது வடிவமைப்புப் பிரிப்பில். பக்கத்தைச் சேமித்துத் தருவது என்ற அடிப்படை வேலையில் இவற்றுள் ஒன்றுகூட இல்லை. சேமிப்புக்காக நாம் நிறுவிய செருகுநிரல், அதைச் சுற்றிப் பத்து வேலைகளை ஏற்றுக்கொண்டதால், ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வாசலைத் திறக்க நேர்ந்தது. எல்லாம் ஒரே செருகுநிரலில் கிடைக்கிறது என்று மதிப்புரைகளில் புகழப்படும் அதே அம்சத்தை, நான் இதன் மிகப்பெரிய குறையாகக் கருதுகிறேன். அடிப்படைச் சேமிப்பை மட்டும் செய்யும் ஒரு சிறிய பதிப்பை நிறுவனம் தனியாக வெளியிட்டால், என் தளங்களில் எல்லாம் அன்றைக்கே மாற்றிவிடுவேன்.

ஆனாலும் இதை லைட்ஸ்பீடுக்கு மட்டும் உரிய நோயாகச் சொல்வது நியாயமாகாது. 2019 மார்ச்சில் சோஷியல் வார்ஃபேர் என்ற பகிர்வுப் பொத்தான் செருகுநிரலில், அமைப்புகளை வேறொரு முகவரியிலிருந்து இறக்குமதி செய்யும் வசதிக்குக் காவலே இல்லாததால் இதே வகைத் தாக்குதல் நடந்தது. பாப்அப் பில்டர் செருகுநிரலில் 4.2.3 பதிப்புக்கு முன்பிருந்த ஓட்டையைப் பயன்படுத்தி, 2024 தொடக்கத்தில் ஆயிரக்கணக்கான தளங்களில் நச்சு நிரல் ஏற்றப்பட்டது. மூன்றிலும் குறைபாடு ஏறத்தாழ ஒன்றுதான்: வெளியிலிருந்து வந்ததை யார் அனுப்பியது என்று கேட்காமல் சேமிப்பது. அவற்றோடு ஒப்பிட்டால் லைட்ஸ்பீட் குழு திருத்தங்களை விரைவாகத் தருகிறது, தெளிவாக அறிவிக்கிறது, பின்னாளில் மீண்டும் திறக்காதபடி ஆழமாகவே அடைக்கிறது. ஒரு செருகுநிரலைத் தேர்ந்தெடுக்கும்போது அதில் ஓட்டை வந்ததா என்பதைவிட, வந்தபோது எத்தனை நாளில் எப்படி அடைத்தார்கள் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

ஆகவே, லைட்ஸ்பீட் சர்வரில் தளம் வைத்திருப்பவர்கள் இதைப் பயன்படுத்தலாம் என்பதே என் கருத்து. ஆனால் சில ஏற்பாடுகள் இல்லாமல் இதை நிறுவ வேண்டாம் என்றும் அதே உறுதியோடு சொல்வேன். செருகுநிரல் பட்டியலில் இதற்கு எதிரே இருக்கும் தானியங்கிப் புதுப்பிப்பை இயக்கிவிட வேண்டும். தளத்தின் தோற்றம் கெட்டுவிடுமோ என்று அஞ்சிப் பலர் அதை அணைத்தே வைத்திருக்கிறார்கள். அந்த அச்சம் புரிகிறது, ஆயினும் கெட்ட தோற்றத்தை ஒரு மணி நேரத்தில் சரிசெய்துவிடலாம், பறிபோன தளத்தை மீட்பதற்கு வாரங்கள் ஆகும். பயன்படுத்தாத வசதிகளை, குறிப்பாகச் சிடிஎன், முன்சேமிப்பு, வடிவமைப்புப் பிரிப்பு ஆகியவற்றை, அணைத்துவைக்க வேண்டும்.

அன்றாட எழுத்து வேலைக்கு நிர்வாகிக் கணக்கைப் பயன்படுத்தும் வழக்கத்தையும் கைவிட வேண்டும். எழுதுவதற்கு எடிட்டர் கணக்கு போதும் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் தனித்தளங்களில் எடிட்டருக்கும் வடிகட்டப்படாத நிரலைப் பதிவுகளில் எழுதும் உரிமை உண்டு என்பதால், அவருடைய உலாவியில் ஓடும் துணுக்கு வாசகர்களின் பக்கங்களுக்கும் பரவ முடியும். ஒருவரே எழுதி ஒருவரே வெளியிடும் தளத்தில் தன் பதிவுகளை மட்டும் எழுதி வெளியிடக்கூடிய ஆத்தர் நிலையிலான கணக்கே பாதுகாப்பானது. நிர்வாகிக் கணக்கைப் புதுப்பிப்புக்கும் அமைப்பு மாற்றங்களுக்கும் மட்டும், தனி உலாவியில் திறந்து, வேலை முடிந்தவுடன் வெளியேறிவிடுவது என் வழக்கம். கருப்பொருள் (தீம்), செருகுநிரல் கோப்புகளைத் திருத்தும் வசதியை அமைப்புக் கோப்பில் ஒரே வரியால் அணைத்துவிடலாம். அது தாக்குபவரைத் தடுத்து நிறுத்தாது, ஆனால் அவர் வேலையைக் கடினமாக்கும்.

2024ன் முதல் பாதியில் 5.7.0.1க்கு முந்தைய பதிப்பு இருந்த தளம் உங்களிடம் இருந்தால், இப்போது புதுப்பித்தது மட்டும் போதாது. புதுப்பிப்பு வாசலை அடைக்குமே தவிர, முன்பே உள்ளே வந்தவரை வெளியேற்றாது. பயனர் பட்டியலை நிர்வாகி நிலையில் வடிகட்டி, ஒவ்வொரு பெயரும் யாருடையது என்று பாருங்கள். தரவுத்தளத்தின் அமைப்பு அட்டவணையில், லைட்ஸ்பீட் தன் நிர்வாக அறிவிப்புகளைச் சேமிக்கும் வரிசையைத் திறந்து பாருங்கள். அங்கே எளிய வாக்கியங்களுக்குப் பதிலாக, எழுத்துகளின் எண்களிலிருந்து நிரலைக் கட்டி ஓட்டும் நீண்ட சரம் ஏதேனும் இருக்குமானால், அதை அழிப்பதற்கு முன் ஒரு படி எடுத்துவைத்துவிட்டு, தளத்தின் எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றத் தொடங்குங்கள்.